ஜிப் சத்தம்: எங்கள் வான்கோழி வேட்டைக் கூடாரம் பற்றி

சீசன் முடிந்து ஜூன் பிறந்தால் வேட்டைச் சாமான் கடைகளில் கூடாரங்களின் விலை இறங்கிவிடும். இந்த வருடமும் இறங்கியிருக்கிறது. மில்வாக்கியில் இருக்கும் தம்பி ஒருவர் நேற்றிரவு கேட்டார்: "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே பிளைண்ட் இப்ப நல்ல விலைக்குக் கிடைக்குது. நானும் வில்லுலதான் ஆரம்பிக்கப் போறேன். வாங்கிடலாமா?" பிளைண்ட் என்பது பறவையின் கண்ணில் படாமல் உள்ளே உட்கார்ந்து வேட்டையாடும் துணிக் கூடாரம். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அளவு, எடை, எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் அட்டைப்பெட்டி மேலேயே இருக்கிறது. நான்கு பக்கமும் கூரையும் ஆக ஐந்து ஹப் (கம்பிகள் வந்து சேரும் நடு முடிச்சு), ஒவ்வொன்றையும் வெளியே இழுத்தால் விரிந்து நிற்கும் அந்த வகைதான். பல நிறுவனங்கள் இதே அமைப்பில் செய்கின்றன. எங்களுடையது எந்த நிறுவனம் என்று நான் சொல்லப் போவதில்லை. நான் குறை சொல்லும் ஜன்னல் ஜிப் எந்தக் கூடாரத்தில் இருந்தாலும் இதே பேச்சு பொருந்தும்.

நாங்கள் வேட்டைக்குப் போவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்கில் இருக்கும் வெர்னன் கவுண்டி. பனியுகத்தில் பனிப்பாறைகள் மழித்துத் தட்டையாக்காமல் விட்டுப்போன மேடுபள்ளமான பகுதி அது. மேலே ஓக் காடு, சரிவில் மேய்ச்சல், கீழே ஓடையும் வைக்கோல் வயலும். என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் அப்பாவுக்கு அங்கே பால் பண்ணை. அந்தப் பெரியவர் சிறுவனாக இருந்தபோது அந்த மலைகளில் ஒரு வான்கோழிகூடக் கிடையாதாம். விஸ்கான்சினில் கடைசியாகக் காட்டு வான்கோழியைப் பார்த்ததாகப் பதிவானது 1881-ல். பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. 1976-ல் மிசோரியிலிருந்து உண்மையான காட்டுப் பறவைகளைப் பிடித்து வந்து இதே வெர்னன் கவுண்டியில் விட்டார்கள். பதிலுக்கு விஸ்கான்சின் தன் காட்டு கிரவுஸ் பறவைகளைக் கொடுத்தது. அவை பெருகி, 1983-ல் வசந்த கால வேட்டையே திறக்கும் அளவுக்கு வந்தன. பெரியவர் ஒவ்வொரு ஏப்ரலிலும், முதல் சேவல் கூவியதும், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார். அவரைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்தப் பறவை மேல் மரியாதை வந்தது.

துப்பாக்கிக்காரருக்குக் கூடாரம் கட்டாயமில்லை. ஒரு மரத்தில் சாய்ந்து, முழங்காலில் துப்பாக்கியை ஊன்றி, அசையாமல் உட்கார்ந்தால் போதும். பெரியவர் இன்றும் அப்படித்தான். வில்லுக்கு அது நடக்காது. நாணை இழுக்கும்போது தோள், முழங்கை, வில் எல்லாம் அசைந்தே தீரும். வான்கோழிக்கு மோப்பம் சுமார்தான், ஆனால் கண் அபாரம். தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் பின்புறத்தில் ஒரு சிறு பகுதி தவிரச் சுற்றிலும் பார்க்கும், நிறமும் நன்றாகத் தெரியும். திறந்த வெளியில் அதன் முன்னால் வில்லை இழுத்துவிட்டு அம்பு விடும் வரை அது நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் கூடாரத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். வயல் நடுவில் திடீரென்று ஒரு கறுப்புப் பொட்டலம் முளைத்தால் மான் பத்து நாள் சந்தேகப்படும். வான்கோழி அன்றைக்கே கண்டுகொள்ளாமல் பக்கத்தில் மேயும். பெட்டைகள் துணிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், சருகைக் கிளறிக்கொண்டு போயிருக்கின்றன. ஒரு கால் கிளறல், இரண்டு கொத்தல், கொஞ்சம் மெல்லிய முனகல். மகள் என் கையை அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு அனுபவத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போச்சு.

குடும்பத்தோடு போக வழி செய்ததும் இந்தக் கூடாரம்தான். இங்கே 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருந்தால்தான் வழக்கமான உரிமம். மகள் முடித்துவிட்டாள். திருச்சியிலிருந்து வேலைக்காக வந்திருந்த மச்சானுக்கு நேரமில்லை, அதனால் வழிகாட்டியோடு போகும் உரிமம் எடுத்தார். அதன்படி வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மரத்தடியில் இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்து ஒருவர் வில்லை இழுப்பது சர்க்கஸ். உள்ளே அது சுலபம். மெதுவாகப் பேசலாம், காலை நீட்டலாம், இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். மே மாத மழை கொட்டினாலும் எழுந்து ஓட வேண்டியதில்லை.

வில்லோடு உள்ளே உட்காருவதில் சில நெளிவு சுளிவுகள் உண்டு. உட்புறம் கறுப்பு, ஆகவே நீங்களும் கறுப்புச் சட்டை போடுங்கள், இலை வண்ணச் சட்டை உள்ளே பளிச்சென்று தெரியும். முகத்துக்கும் கைக்கும்கூடக் கறுப்பு. முதுகுப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிச்சத்தில் உங்கள் உருவம் நிழலாகத் தெரிந்துவிடும், அதனால் பின்பக்கம் எப்போதும் மூடியே இருக்கட்டும். இன்னொன்று: குறி பார்க்கும் கண் அம்பைவிடச் சில அங்குலம் மேலே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பறவை தெளிவாகத் தெரியும், அம்பு மட்டும் ஜன்னலின் கீழ் விளிம்புத் துணியில் இடிக்கும். உட்கார்ந்ததும், நாணை இழுத்துப் பார்த்து, அம்பின் பாதை துணிக்கு மேலே இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலில் வரும் வலையைத் துளைத்து எய்யலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது விரியாத, நிலையான முனை அம்புக்கு மட்டும். பட்டதும் விரியும் முனைகள் வலையிலேயே விரிந்து அம்பு எங்கேயோ போகும். வான்கோழியின் உயிர்நிலை ஓர் ஆரஞ்சுப் பழ அளவுதான், அவ்வளவு பெரிய சிறகுப் பொதிக்குள். அதைத் தவறவிட்டுப் பறவையைக் காயத்தோடு அலையவிடுவது பாவம். நாங்கள் வலையைக் கழற்றி வைத்துவிட்டோம்.

சரி, இப்போது ஜிப்.

எங்கள் கூடாரத்தின் பக்க ஜன்னல்கள் எல்லாம் ஜிப்பால் திறப்பவை. விடியலுக்கு முன் உள்ளே நுழையும்போது ஒரு தடவை, உட்கார்ந்து ஜன்னலைச் சரிசெய்யும்போது ஒரு தடவை என்று அது கத்தும். பறவைகள் அந்த நேரத்தில் நூறு கஜத்துக்குள் மரத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். வான்கோழிக்குக் காதும் கூர்மை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சீக்கிரம் போய் இருட்டிலேயே வேலையை முடித்துவிடலாம். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடப்பது.

வில்லுக்கு ஏற்ற ஏற்பாடு இப்படி: பெட்டை பொம்மை ஒன்று, இளஞ்சேவல் பொம்மை ஒன்று, கூடாரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கஜத்தில். இளஞ்சேவல் பொம்மை நம்மைப் பார்த்தபடி நிற்கும். காட்டுச் சேவல் சண்டைக்கு அதன் முகத்துக்கு எதிரே வந்து நெஞ்சை நிமிர்த்தும். அப்போது அதன் முதுகு நம் பக்கம், விரித்த வால் அதன் தலையையே மறைத்துவிடும். அந்த நொடியில் வில்லை இழுக்க வேண்டும். காகிதத்தில் அழகான திட்டம். சேவல் முன்பக்கமாக வந்தால் அது நிஜத்திலும் அழகாகவே நடக்கிறது. மச்சானின் பறவை அப்படித்தான் வந்தது.

இந்த மே மாதத் தொடக்கத்தில் மகளுக்கு வந்தது இடது பக்கமாக. முன்னால் இருந்த மேட்டில் கூவிக்கொண்டிருந்த சேவல் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஓடையோரமாகச் சுற்றி, வயலின் இடது விளிம்பில் ஏறியது. பார்ப்பதற்கு முன் உடம்பில் உணர்ந்தோம். அதன் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் அந்தத் தாழ்ந்த அதிர்வு அப்படி. அப்புறம் இறக்கை நுனி புல்லில் உரசும் ஒலி. சிறிய துவாரம் வழியாகப் பார்த்தால் வெள்ளை உச்சந்தலை, நீல முகம், சிவந்த கழுத்து, அலகுக்கு மேலே தொங்கும் அந்தச் சதை. நெஞ்சிலிருந்து தொங்கும் தாடி புல்லைத் தொட்டது. பதினைந்து கஜம் இருக்கும். பொம்மையை நோக்கி வராமல் அங்கேயே நின்று வாலை விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது ஜன்னலை ஒரு சாண் திறந்தால் போதும், மகளுக்கு அம்பு விட இடம் கிடைத்துவிடும். அவள் வில்லோடு தயாராகத் திரும்பிவிட்டாள். "அப்பா, மெதுவா," என்றாள்.

மெதுவாகத்தான் இழுத்தேன். ஒவ்வொரு பல்லாக. இரண்டு அங்குலம்கூட நகரவில்லை. சேவலின் வால் சட்டென்று மடங்கியது, கழுத்து நீண்டது, "பட்" என்று ஒரு எச்சரிக்கை ஒலி. இரண்டாவது தடவை அதே ஒலி. அவ்வளவுதான், வேகவேகமாக நடந்து ஓக் மரங்களுக்குள் போய்விட்டது. மகள் அழவில்லை. நாணைத் தளர்த்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குக் கிடைத்த காலம் அந்த ஒரு வாரம்தான். இங்கே வசந்த வேட்டை ஆறு தவணைகளாக, ஒவ்வொன்றும் ஏழு நாளாக நடக்கிறது, டிசம்பர் 10-க்குள் விண்ணப்பித்துக் குலுக்கலில் வாங்குவது. அந்த வாரத்தில் வேறு சேவல் அவளுக்கு எட்டவில்லை.

எல்லா ஜன்னலையும் முதலிலேயே திறந்து வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். மேலே சொன்னேனே, வெளிச்சம் உள்ளே பாய்ந்தால் நிழலுருவம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வேண்டியபோது மட்டும் சத்தமில்லாமல் திறக்க முடிய வேண்டும். வில்லுக்காகவே என்று எழுதி விற்கப்படும் கூடாரத்தில் இந்த ஒரு விஷயத்தை யோசிக்காமல் விட்டது எனக்கு ஆறவே இல்லை.

நான் செய்து பார்க்காததில்லை. உலோக இழுப்பானைக் கழற்றிவிட்டு மெல்லிய கயிற்றுக் கண்ணி கட்டினேன், கிலுகிலு ஓசை நின்றது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், சிலிக்கோன் தெளித்தேன். பல் கோக்கும் ஓசை குறைந்தது, போகவில்லை. ஏப்ரல் மாதத்து உறைகுளிரில் துணி விறைத்துக்கொள்ளும்போது இன்னும் மோசம். நிறுவனத்துக்கு எழுதினால், ஜிப்புக்கு அது இயல்பான ஒலிதான் என்று பதில் வந்தது. இயல்பான ஒலிதான், யார் மறுத்தார்கள்? அதை வான்கோழிக்குப் பதினைந்து கஜத்தில் எழுப்ப வைப்பதைப் பற்றித்தான் நான் எழுதியிருந்தேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புயல் காற்றில் கூரையின் கண்ணாடியிழைக் கம்பி ஒன்று முறிந்தது. அதே நிறுவனம் மாற்றுக் கம்பியைக் காசு வாங்காமல் அனுப்பியது, வீட்டிலேயே மாட்டிவிட்டேன். துணி இன்னும் வெளுக்கவில்லை, தையல் ஒன்றும் பிரியவில்லை. மடித்துப் பையில் போடுவதுகூட, கூரையை முதலில் உள்ளே தள்ளிவிட்டுப் பக்கங்களை மடித்தால் இலகு. கூடாரமாக அது நல்ல கூடாரம்.

அது கொடுத்த சாப்பாட்டையும் மறைக்கக் கூடாது. மச்சானின் சேவலின் நெஞ்சுக் கறியை நண்பர் வீட்டில் மாவு தோய்த்துப் பொரித்தார்கள். கால்களைத் தூக்கி எறியப் போனார்கள், அவற்றில் அத்தனை நரம்பு. நாங்கள் கேட்டு வாங்கிவந்து குக்கரில் நாட்டுக்கோழிக்கு வைப்பதைவிட நிறையவே அதிக விசில் வைத்து, நரம்பையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு மிளகுக் குழம்பு வைத்தோம். பெரியவர் சோற்றோடு மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

இதெல்லாம் இருந்தும், தம்பி, உங்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வாங்காதீர்கள். கொக்கியும் ரப்பர் கயிறும் வைத்து, துணியைச் சறுக்கி இறக்கினால் சத்தமில்லாமல் திறக்கும் ஜன்னல்கள் கொண்ட கூடாரங்கள் வருகின்றன. விலை கூடத்தான். அதற்குக் காசு சேரும் வரை காத்திருங்கள். துப்பாக்கியோடு போகிறவர் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், அவருக்கு ஜன்னலில் ஒரு பிளவு போதும். வில்லோடு, அதுவும் பக்கத்தில் ஒரு குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போகிறவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எங்களுடையதை விற்கவும் மாட்டேன். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு பக்க ஜன்னல்களின் ஜிப்பையும் பிரித்தெடுத்துவிட்டு, காந்தப் பட்டை வைத்துத் தைத்துத் தருவதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள். உங்களுக்கு ஏப்ரல் தவணை கிடைத்தால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். மே முதல் வாரத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும், மகள் மறுபடியும் அந்தத் தவணைக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறாள்.