டிரோனுக்கு ஃபில்டர்: ஒற்றை என்டியா, வேரியபிளா, பிஎல் கலந்ததா?

டிரோன் வாங்கி, ரிமோட் கைக்குப் பழகி, தென்னை மரத்தில் மோதாமல் திருப்பத் தெரிந்துவிட்டால் அடுத்து வரும் ஆசை ஃபில்டர். தேடினால் மூன்று வகை கண்ணில் படும். ஒவ்வொரு கண்ணாடியும் வெளிச்சத்தை ஒரு குறிப்பிட்ட அளவு குறைக்கிற ஒற்றை என்டி செட், வளையத்தைத் திருகி இருட்டைக் கூட்டிக் குறைக்கிற வேரியபிள் என்டி, அப்புறம் என்டியோடு, மினுக்கத்தை வெட்டும் போலரைசரும் (பிஎல்) சேர்ந்த என்டி பிஎல். நான் ஒற்றை என்டி செட் வாங்கிவிட்டவன், அதனால் இது நடுநிலையான அலசலாக இருக்காது. என்னுடையது 250 கிராமுக்குள் அடங்கும் சின்ன டிரோன், அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 2.8லேயே நிற்கும், கூட்டவோ குறைக்கவோ முடியாது. கீழே சொல்வதெல்லாம் அந்த மாதிரி டிரோனுக்கும், கிருஷ்ணகிரி வெயிலுக்கும்.

ஃபோட்டோ மட்டும்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் என்டி வாங்கவே வேண்டாம். என்டி என்பது லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ், வெளிச்சத்தைக் குறைக்கும், வேறு எதுவும் செய்யாது. ஃபோட்டோவுக்கு ஷட்டர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நல்லதுதான், படம் ஆடாமல் வரும். அருவித் தண்ணீர் பால் மாதிரி வழிந்தோட வேண்டும் என்று ஆசைப்பட்டால் மட்டும் கதை வேறு. அதற்கும் நடுப்பகலில் 64ல் ஒரு பங்கு வெளிச்சம் மட்டும் விடும் என்டி 64 போதாது, கால் செகண்ட், அரை செகண்ட் ஷட்டருக்கு இறங்க சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

என்டி தேவைப்படுவது வீடியோவுக்கு. செகண்டுக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 செகண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஏப்ரல், மே மாத நடுப்பகலில் ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 100, எஃப் 2.8 என்றால் ஷட்டர் 1/3200க்குப் போய் நிற்கும். அதில் எடுத்த வீடியோ வெட்டி வெட்டி ஓடும். 1/3200ஐ 1/50க்கு இறக்க வெளிச்சத்தை 64ல் ஒரு பங்காக்க வேண்டும், அதுதான் என்டி 64, அதாவது ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). காலை ஏழரை, எட்டு மணிக்கும், மேகம் மூடிய நாளுக்கும் என்டி 16 போதும், நாலு ஸ்டாப்.

இதிலும் ஒரு விஷயம். போச்சம்பள்ளிப் பக்கம் தெரிந்தவர் தோப்பில் மா வரிசைகளுக்கு மேலே பத்து மீட்டர் உயரத்தில் ஓட்டும்போது என்டி இல்லாவிட்டால் இலைகள் படபடவென்று குதிக்கும், பார்க்கவே கண் வலிக்கும். அதே தோப்பை நூறு மீட்டர் மேலேயிருந்து மெதுவாக எடுத்தால் ஃபில்டர் போட்டதற்கும் போடாததற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உயரப் போகப் போக தரை நகர்வதே மெதுவாகத்தான் தெரிகிறது, காரணம் அதுதான். மலையும் ஏரியும் தூரத்துக் காட்சியாக எடுப்பவர்கள் இந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.

சரி, வேரியபிளுக்கு வருவோம். கேட்கும்போது மூன்றிலும் இதுதான் புத்திசாலித்தனமாகப் படும். ஒரே ஃபில்டர், திருகினால் இரண்டு ஸ்டாப்பிலிருந்து ஐந்து ஸ்டாப் வரை போகும், டப்பாவில் நாலைந்து கண்ணாடி தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். கையில் பிடிக்கும் கேமராவுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். கல்யாண வீட்டில் மண்டபத்துக்கும் வாசலுக்கும் மாறி மாறி ஓடுகிறவருக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் டிரோனில் அந்த வளையம் எங்கே இருக்கிறது? அறுபது மீட்டர் உயரத்தில். நீங்கள் கீழே ரிமோட்டோடு நிற்கிறீர்கள்.

நான் முடிவெடுத்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஜூன், ஜூலையில் நம்ம ஊர்ப் பக்கம் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், தோப்பின் ஒரு மூலையில் வெயில், மறு மூலைக்குப் போவதற்குள் நிழல். வேரியபிள் இந்த மாதிரி நாளுக்குத்தான் என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் நிழல் வந்ததும் திருக வேண்டுமானால் டிரோனை நிற்கும் இடத்துக்கு வரவழைக்க வேண்டும், இறக்க வேண்டும், திருகிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குள் மேகம் கலைந்திருக்கும், பேட்டரியும் அந்த அளவுக்குக் காலி. ஒற்றை என்டியை மாற்றுவதற்கும் இதே இறக்கி ஏற்றும் வேலைதான். அப்படியானால் வேரியபிள் எனக்கு மிச்சப்படுத்தியது என்ன? கீழே நிற்கும்போது கழற்றி மாட்டும் அரை நிமிடம். அவ்வளவுதான்.

மேலே இருக்கும்போது உண்மையிலேயே கைக்கு எட்டுவது ஐஎஸ்ஓ. என்டி 64 போட்டு ஐஎஸ்ஓ 100ல் பறக்கிறது, மேகம் மூடி வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறைகிறது, ரிமோட்டிலிருந்தே ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் ஷட்டர் 1/50லேயே நிற்கும். சின்ன சென்சாரில் 400 வைத்தால் நிழல் பகுதியில் கொஞ்சம் புள்ளி தட்டும், ஃபோனில் பார்ப்பவர் கண்டுபிடிக்கமாட்டார். திரும்ப வெயில் வந்தால் 100க்கு இறக்கலாம். 16க்கும் 64க்கும் நடுவில் இருப்பதும் இதே இரண்டு ஸ்டாப்தான், அதனால்தான் என் செட்டில் 8ம் 32ம் டப்பாவை விட்டு வெளியே வருவதே இல்லை. 16, 64 இரண்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் அப்படியே வாங்குங்கள்.

வேரியபிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது உள்ளுக்குள் இரண்டு போலரைசர் கண்ணாடி, ஒன்றுக்கு எதிராக இன்னொன்று திரும்பும்போது இருட்டு கூடும். டிரோன் லென்ஸ்கள் அகலமானவை, ஆகவே இருட்டைக் கடைசி வரை கூட்டினால் படத்தில் பெருக்கல் குறி மாதிரி கரும்பட்டை விழ வாய்ப்பு அதிகம். ஓசூரில் இருக்கும் நண்பர் மேவிக் 3 என்ற டிரோனில் வேரியபிள் போட்டுத்தான் ஓட்டுகிறார், குறையொன்றும் சொல்லவில்லை. அதில் அப்பர்ச்சரையே எஃப் 2.8லிருந்து எஃப் 11 வரை மாற்றலாம், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலும் பெரியது. அந்த டிரோனில் நான் ஓட்டிப் பார்த்தது கொஞ்ச நேரம்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை.

என்டி பிஎல்லைப் பொறுத்தவரை எனக்கு ஆசையும் சந்தேகமும் பாதிப் பாதி. மா இலை மினுமினுப்பான இலை, வெயில் பட்டால் பச்சை போய் வெள்ளையடித்துத் தெரியும். போலரைசர் அந்த மினுமினுப்பை வெட்டிப் பச்சையை இறக்கிக் கொடுக்கும். பாரூர் ஏரித் தண்ணீரும், ஓசூர், தளிப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களின் பிளாஸ்டிக் கூரையும் அப்படித்தான். ஆனால் கோணம் அமைய வேண்டும். தண்ணீரில் இது நன்றாக வேலை செய்வது கேமரா கிடைமட்டத்திலிருந்து 37 டிகிரி அளவில் கீழே பார்க்கும்போது. டிரோன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆசையாக எடுக்கிற, நேர் மேலேயிருந்து செங்குத்தாகப் பார்க்கும் படத்தில் பிஎல்லால் ஒரு பயனும் கிடையாது, அந்தக் கோணத்தில் திரும்பி வரும் வெளிச்சம் போலரைஸ் ஆவதில்லை.

அப்புறம் பழைய பிரச்சினையே இங்கேயும் வருகிறது, திருப்ப வேண்டியது மேலே இருக்கிறது. ஒரு குன்றைச் சுற்றி வட்டமடித்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சூரியனுக்குப் பக்கவாட்டில் பார்க்கும்போது வானம் கருநீலம், சூரியனுக்கு முதுகு காட்டித் திரும்பியதும் வானம் வெளுத்துப்போகும், ஒரே ஷாட்டில். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. மினி 3 மாதிரி சில மாடல்களில் ரீல்ஸுக்காகக் கேமராவே 90 டிகிரி புரளும், அதோடு போலரைசரும் புரண்டுவிடும். படுக்கை வாட்டில் தண்ணீர் மினுக்கத்தை வெட்டும்படி வைத்தது, நிமிர்த்தியதும் வெட்டாமல் விட்டுவிடும். என் டிரோனில் அந்த வசதி இல்லை. ஒரே திசையில் நேராகப் போகிற ஷாட்டும், நின்ற இடத்தில் எடுக்கும் ஃபோட்டோவும்தான் உங்கள் வேலை என்றால் பிஎல் உங்களுக்குச் சரிப்படும், ஃபோட்டோக்காரர்களுக்கு என்டியை விட இதுதான் உபயோகம் என்றுகூடச் சொல்வேன்.

மாட்டும் விதம் பற்றி. என்னுடையதில் லென்ஸ் முன்னால் இருக்கும் சின்ன வளையத்தைத் திருகி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபில்டரைத் திருக வேண்டும். பவரை நிறுத்திவிட்டு, கேமரா உடம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு திருகுங்கள். கிம்பல் கையைப் பிடித்துத் திருகினால் உள்ளே இருக்கும் மெல்லிய ரிப்பன் கேபிளுக்கு ஆபத்து. வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்த பிறகு கிம்பல் போனால் வேறு டிரோன் வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் யாருக்கும் இல்லை. நம்ம மாவட்டத்தில் கிரானைட் பொடி வேறு. குவாரி, கட்டிங் பட்டறை இருக்கும் பக்கம் பறக்கவிட்டால் ஃபில்டரில் வெள்ளையாகப் படியும். சட்டைத் துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம், முதலில் ஊதுகுழல் பந்தால் ஊதிவிட்டுத்தான் துணி. ஒற்றைக் கண்ணாடிக்கு இரண்டு முகம்தான், ஊதித் துடைத்தால் முடிந்தது. வேரியபிளில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பொடி போனால் எடுக்க வழியில்லை.

எடையையும் பாருங்கள். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதைத் தாண்டினால் மைக்ரோ. 249 கிராம் டிரோனின் லென்ஸ் மேல் கூடுதலாகக் கவ்விக்கொள்ளும் ஃபில்டரைப் போட்டால் கோட்டைத் தாண்டிவிடலாம், தெரிந்த நகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது. முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி வரைதான். ஓசூர்க்காரர்கள் பேளகொண்டப்பள்ளி விமானத்தளம் இருப்பதை மறக்காமல் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். காவிரிக் கரைக் காடுகளில் ஒரு பகுதி 2022ல் காவிரி தெற்கு சரணாலயமாகிவிட்டது, அங்கே வனத்துறையைக் கேட்காமல் டிரோனை வெளியே எடுக்கவே கூடாது.

விலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒற்றை என்டி மலிவு, மற்ற இரண்டுக்கும் விலை அதிகம். திரும்ப விற்க நினைத்தால் மூன்றுக்கும் ஒரே கதி, அந்த மாடல் டிரோன் வைத்திருப்பவரைத் தவிர யாருக்கும் அது பொருந்தாது. டிரோனை விற்கும்போது சேர்த்தே கொடுத்துவிட வேண்டியதுதான்.