எஸ்எஸ்ஹெச்சுக்கு இரண்டாம் பூட்டு: கூகுள் ஆத்தென்டிகேட்டர் பாம் மாட்யூல்

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) லாகினில் போனில் வரும் கோடையும் கேட்க வைக்கும் மாட்யூல் இது; பாம் என்பது லினக்ஸில் லாகினைச் சரிபார்க்கும் அமைப்பு. உபுண்டு, டெபியன் சர்வருக்கு நம்பிப் போடலாம். காசு இல்லை, வெளிச்சேவை எதையும் கூப்பிடாது, போனில் நெட் இல்லாவிட்டாலும் 6 இலக்க கோடு வரும்.

ஆப்ட்டில் (மென்பொருள் நிறுவும் கமாண்ட்) நிறுவியபின், லாகின் ஆகப்போகும் அதே யூசராக நின்று கூகுள்-ஆத்தென்டிகேட்டர் கமாண்டை ஓட்டுங்கள். ரூட்டில் (நிர்வாகி கணக்கு) ஓட்டினால் ரூட்டுக்குத்தான் கோடு. டெர்மினலிலேயே போன் ஆப்பில் ஸ்கேன் செய்ய க்யூஆர் கட்டம் விரியும், கீழே 5 அவசர கோடுகள். அவற்றைத் தாளில் எழுதுங்கள்; அதே போனில் படம் பிடித்து வைத்தால், போன் தொலையும்போது அதுவும் போச்சு.

சொதப்பல் எல்லாம் அடுத்த கட்டத்தில்தான். எஸ்எஸ்ஹெச்சுக்கான பாம் ஃபைலில் இந்த மாட்யூலின் வரியைச் சேர்த்தால் மட்டும் போதாது. எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிகில் (எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்பு ஃபைல்) கீபோர்டு-இன்டராக்டிவ் (கேள்வி கேட்டு விடை வாங்கும் முறை) அனுமதி இல்லையென்றால் கோடே கேட்காது. அனுமதி இருந்தாலும், பப்ளிக் கீ முறையில் (பாஸ்வேர்டுக்குப் பதில் கீ ஃபைல்) வருபவர் கோடு இல்லாமலே நுழைந்துவிடுவார். அதைத் தடுக்க, அதே கான்ஃபிகின் ஆத்தென்டிகேஷன் மெத்தட்ஸ் வரியில் பப்ளிக் கீ, கீபோர்டு-இன்டராக்டிவ் இரண்டையும் கமா போட்டு, இடைவெளி விடாமல் எழுத வேண்டும். பாம் ஃபைலில் காமன்-ஆத் வரியை (பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது) கமென்ட் செய்யாவிட்டால் பாஸ்வேர்டும் கேட்கும்.

மாட்யூலின் பாம் வரியில் நல்-ஓகே என்ற சொல் இருந்தால், கமாண்டை ஓட்டி இன்னும் பதியாதவர்களையும் கோடு கேட்காமல் உள்ளே விடும். எல்லோரும் பதிந்ததும் தூக்கிவிடுங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

சரியான கோடையும் மறுக்கிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். கோடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். இப்போதைய கோடோடு, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கோடுதான் சலுகை. அதை 17 கோடுகளாக விரிப்பதைவிட என்டிபியை (நெட் வழியே கடிகாரத்தைச் சரியாக வைக்கும் முறை) சரிசெய்வதே மேல்.

எஸ்எஸ்ஹெச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தபின் பழைய செஷனை மூடாமல், இன்னொரு ஜன்னலில் லாகின் ஆகிப் பாருங்கள்.