கல்லடி வளவில் ஒரு மர ஹமொக் ஸ்டாண்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படுக்க அருமை, தூக்கிக்கொண்டு திரியத்தான் பாடு. ஹமொக் (இரண்டு நுனியையும் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கும் துணி) மாட்ட, கழற்றிக் கட்டும் மர ஸ்டாண்டுகளில் இந்த முக்காலி வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஆனால் மட்டக்களப்பின் கல்லடியிலிருந்து பாசிக்குடாக் கடற்கரைக்குக் கொண்டுபோகும் யோசனை இருந்தால், வாகனத்தோடு இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் தாதி. இரவு வேலை முடிந்து வந்தால் பகலில்தான் தூக்கம். மே தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் கச்சான் காற்று அடிக்கிற நாளில், கூரைக்குச் சீற் போட்ட வீட்டுக்குள் பகல் பதினொரு மணிக்குப் படுத்தால் அது தூக்கம் இல்லை, வேக்காடு. வெளியே படுக்கலாம் என்றால் வளவில் இருப்பது ஒரேயொரு மாமரம். சுவரில் கொழுக்கி அடிக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். வாடகை வீடு என்பது ஒரு பக்கம். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் கட்டிய சுவர் அந்த இழுவையைத் தாங்காது என்பது மறுபக்கம்.

இழுவை என்று சும்மா சொல்லவில்லை. படுக்கிறவர் 60 கிலோ என்றால், கயிறு 30 பாகைச் சரிவில் தொங்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 60 கிலோ இழுவை வரும். அழகாக இருக்கட்டும் என்று இறுக்கி 15 பாகையில் கட்டினால் அது இரட்டிப்புக்குக் கிட்டப் போய்விடும். குழந்தையைப் போடும் ஏணைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது கூரை வளையிலிருந்து நேராகத் தொங்குவது, பாரமெல்லாம் கீழ்நோக்கித்தான். ஹமொக் இரண்டு பக்கத்தையும் உள்ளே இழுக்கும்.

முக்காலி ஸ்டாண்டின் கெட்டித்தனமே இங்கேதான். மும்மூன்று கால்களாக இரண்டு முக்காலி, இரண்டின் உச்சிக்கும் நடுவே ஒரு நீள மரம். ஹமொக் உச்சிகளை உள்ளே இழுக்க, அந்த மரம் நடுவில் நின்று முட்டுக்கொடுக்கிறது. அதனால் கால்கள் பாரத்தை மட்டும் சுமந்தால் போதும். நிலத்தில் முளை அடிக்கவோ குழி தோண்டவோ வேண்டாம். மரத்தின் நீளம் ஹமொக்கின் நீளத்தில் 83 வீதம் இருக்கட்டும் என்பது ஹமொக் கட்டுகிறவர்களிடையே உள்ள கணக்கு. என் ஹமொக் 10 அடி, எனவே மரம் 8 அடி 4 அங்குலம். கால் ஒவ்வொன்றும் ஐந்தரை அடி. விரித்து நிறுத்தினால் உச்சி 5 அடியில் நிற்கும். நான் ஏறிப் படுத்தால் துணி கதிரை உயரத்துக்கு இறங்கும். இறங்கும்போது கால் நிலத்தில் முட்டுகிறது, முழங்கால் நோகாது.

மரம் மஹோகனி. முதிரை நல்ல மரம்தான், ஆனால் தூக்கித் திரிய வேண்டிய சாமானுக்கு அந்தப் பாரம் வீண். கால்களுக்கு 2 அங்குலச் சதுரம், நடு மரத்துக்கு 3க்கு 2. கால்களை நானே அறுத்துச் சாண்ட் பேப்பர் போட்டேன். நடு மரத்தை மட்டும் பக்கத்து ஒழுங்கை ஓடாவியாரிடம் கொடுத்தேன். அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, கூடாரம் அடிக்கப் போறியா?" என்றார். சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. மரத்தை நடுவில் இரண்டாக்கி, ஒரு துண்டு பொக்ஸ் பாரை (உள்ளே பொள்ளலான இரும்புச் சட்டம்) உறையாக மாட்டி, சீவுளியால் மெல்லிய இழையாகச் சீவிச் சீவி ஆடாமல் பொருத்தித் தந்தார். முழு ஸ்டாண்டிலும் ஆடக் கூடாத இடம் அதுதான். அங்கே இளக்கம் இருந்தால் மரம் நடுவில் வளைய ஆரம்பிக்கும், பிறகு படுப்பதே பயம். இந்த ஒரு பொருத்துக்குக் கூலி கொடுக்கத் தயங்க வேண்டாம்.

நட்டு, போல்ட், கயிறு மூன்றும் கடலோரத்தில் இருப்பவர்கள் யோசித்து வாங்க வேண்டியவை. சாதாரண இரும்பு போல்ட் கல்லடிக் காற்றில் சீக்கிரமே செம்மண் நிறமாகிவிடும். ஸ்டெயின்லெஸ் விலை கூடத்தான், ஆனால் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிற சாமானில் துருப்பிடித்த நட் கையை வாங்கிவிடும். கயிற்றுக்கு மீன்பிடிச் சாமான் கடைக்குத்தான் போனேன். நைலோன் இழுபடும், நனைந்தால் பலமும் குறையும். பொலியெஸ்டர் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முக்காலியின் பாதங்கள் மூன்றையும் சுற்றி ஒரு கயிற்று வளையமும் போட வேண்டும், இல்லாவிட்டால் சீமெந்துத் தரையில் கால்கள் வழுக்கி விரியும்.

ஹமொக் துணி மருதமுனைக் கைத்தறி. தடிப்பான துணியாகப் பார்த்து, வெட்டாமல் நீளமாக வாங்கி, இரண்டு நுனியையும் மடித்துத் தைத்துக் கயிறு கோர்த்தேன். இரண்டு பக்கமும் தடி வைத்து விரித்த ஹமொக் பார்க்க வடிவு, ஆனால் சற்றுப் புரண்டாலே கவிழ்த்துவிடும். தடியில்லாத துணியில் குறுக்காக, தலை ஒரு மூலையிலும் கால் எதிர் மூலையிலுமாகப் படுத்தால் முதுகு வாழைப்பழமாக வளையாது. நேராகப் படுத்துவிட்டு நாரி நோகுது என்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

எனக்கு மிகப் பிடித்த வசதி ஒன்று எதிர்பாராமல் கிடைத்தது. மேலே நீளத்துக்கு மரம் ஓடுவதால் நுளம்பு வலையை அதன் மேல் போட்டுவிடலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. பகலில் வெளியே தூங்குகிற ஒரு தாதி வலை இல்லாமல் படுத்தால் ஊரே சிரிக்கும்.

குறைகளுக்கு வருவோம். மொத்தம் 20 கிலோவுக்குக் கிட்ட. நடு மரம் இரண்டு துண்டாவதால் ஓட்டோவில் அடங்கும். ஐந்தரை அடிக் கால்கள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டுதான் வரும். கல்லடிக் கடற்கரை மணலில் ஒரு கால் புதைந்து ஒரு கால் புதையாமல் முக்காலி சரியும். ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு சிரட்டை வைத்ததும் நின்றுவிட்டது, அதற்குக் காசும் இல்லை. பிள்ளைகள் குறுக்காக ஊஞ்சல் ஆட இது சரிவராது, ஒரு பக்கக் கால் தூக்கும். மாமியின் பேரன் ஆடத் தொடங்கினால் நான் துணியைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன். வாடைக்கு, அதாவது நவம்பர் மழைக்கு, மரம் ஊதி போல்ட் இறுகும். துளையைப் போல்ட்டைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டிலொரு பங்கு) பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

கடைகளில் விற்கும் இரும்புக் குழாய் ஸ்டாண்டோடு ஒப்பிட்டால் செலவு குறைவுதான், பெரிய மிச்சம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரும்பு வெல்ட் பண்ணிய இடத்தில் துருவேறினால் மொத்தமும் போச்சு; இதில் ஒரு கால் உடைந்தால் ஒரு காலை மாற்றலாம். வளவில் வைத்துப் படுக்கவும், கிழமைக்கொருமுறை இடம் மாற்றவும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். அடிக்கடி கடற்கரைக்கு எடுத்துப்போகிறவர்கள், நடு மரத்துக்குச் செய்த அதே பொக்ஸ் பார் உறையைக் கால்களுக்கும் போட்டு இரண்டிரண்டு துண்டாக்கச் சொல்லுங்கள். ஓடாவியாரிடம் கேட்டேன், செய்யலாம், ஆனால் கூலி கூடும் என்கிறார்.