தோர்தோனா, லோத்தா?

தென்மேற்கு பிரான்ஸில் ஏதாவது ஓர் ஆற்றோரக் கிராமத்தில் சில நாள் தங்கலாம் என்றால், எல்லாரும் கைகாட்டுவது தோர்தோன் பள்ளத்தாக்கைத்தான். நாங்கள் அதற்குத் தெற்கே ஓடும் லோத் ஆற்றங்கரையில் தங்கிக்கொண்டு, தோர்தோனுக்குப் பகலில் போய்வந்தோம். அதனால் இந்த அலசல் கொஞ்சம் லோத் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கோட்டைகள்தான் வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், தோர்தோன். நூறாண்டுப் போரில் பிரெஞ்சுத் தரப்பிலிருந்த பேனாக் கோட்டையும், ஆங்கிலேயர் கைக்குப் போய்ப் போய் வந்த கஸ்தெல்னோவும் ஆற்றின் இரு கரைகளில் இன்றும் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. சார்லா ஊரின் சனிக்கிழமைச் சந்தையும் நன்றாக இருக்கும். ஆகஸ்டில் மட்டும் போய்விடாதீர்கள், கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் வாத்துக் கறி, வால்நட், ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ். சைவக்காரர்களுக்கு அந்த சீஸை ரொட்டியில் உருக்கி வைத்த சாலட்தான் கதி. ஆனால் அதன்மேல் வால்நட் எண்ணெய் ஊற்றித் தருவார்கள், அலுக்காது. லோத் பக்கம் கூடுதலாகக் கிடைப்பது கஹோர் ஒயின்: குறைந்தது 70 சதவீதம் மால்பெக் திராட்சை, கிட்டத்தட்ட கறுப்பு நிறம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஆதிமனிதர் ஓவியம் வரைந்த குகை. தோர்தோனின் கிளையாறான வெசேர் கரையில் இருக்கும் லாஸ்கோ உலகப் புகழ் பெற்றதுதான். ஆனால் பார்வையாளர்களின் மூச்சுக்காற்றில் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-லேயே அதை மூடிவிட்டார்கள். இப்போது நாம் பார்ப்பது 2016-ல் திறந்த நகல். அருமையான நகல், மறுக்கவில்லை. அதே பக்கத்தில் ஃபோன் த கோம் குகையில் அசலையே பார்க்கலாம். அங்கே மிகச் சிலரைத்தான் உள்ளே விடுகிறார்கள், டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

லோத் பக்கத்துப் பெஷ் மேர்ல் குகையில் நாளுக்கு 700 பேர் வரை அசல் ஓவியங்களையே பார்க்கலாம். புள்ளிபோட்ட இரண்டு குதிரைகள், சுமார் 29,000 ஆண்டுப் பழசு. வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறையே குதிரை முகம் மாதிரி நீண்டிருக்கிறது. வரைந்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் கையை வைத்துச் சாயம் ஊதிய கைத்தடங்கள். இன்னோர் இடத்தில் கூரையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஓக் மரத்தின் வேர் தரைவரை இறங்குகிறது. வெயில் காலத்திலும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும்.

கார் இல்லாதவர்களுக்கும் லோத்தான் தேவலை: பாரிஸிலிருந்து கஹோருக்கு நேரடி ரயில் உண்டு, அங்கிருந்து சான் சீர் லாபோப்பி என்ற மலைக் கிராமத்துப் பக்கம் பஸ் போகிறது. பஸ் நிற்பது ஆற்றுக்கு மறுகரையில்; அப்புறம் ஏற்றம்தான். லோத்தில் படகு வீடும் வாடகைக்குக் கிடைக்கும். நாங்கள் எடுக்கவில்லை, அதனால் சிபாரிசு செய்ய மாட்டேன். பெஷ் மேர்ல் குளிர்காலத்தில் மூடியிருக்கும். கோடையில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.