செகிரோ: உருண்டு தப்பிப் பழகியவர்களுக்கு

2019 மார்ச்சில் ‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ என்ற வீடியோ கேம் வந்தபோது, அதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ரசிகர்கள் பலர் அதன் முந்தைய கேமான ‘டார்க் சோல்ஸ்’ (சுருக்கமாக சோல்ஸ்) போல இன்னொன்று ஜப்பானியக் கோலத்தில் கிடைக்கும் என்றுதான் காத்திருந்தார்கள். வந்ததோ வேறு கேம். நாயகன் ஒருவனே, முதன்மை ஆயுதம் ஒரே வாள். ஓடவும் வெட்டவும் செலவாகும் தெம்பைக் காட்டும் ஸ்டாமினா பட்டை இல்லை. உதவிக்கு நண்பரை அழைக்கவும் வழியில்லை.

பழைய கை தடுமாறுவது தூரத்தில்தான். சோல்ஸில் உருண்டு விலகி, ஒரு வெட்டு போட்டு, மறுபடி விலகினால் போதும். இங்கே நீங்கள் விலகி நிற்கும் நேரமெல்லாம் எதிரியின் போஸ்ச்சர் பட்டை (நிரம்பினால் அவன் நிலைகுலைவான்) இறங்கிக்கொண்டே இருக்கும், பட்ட பாடு வீண். ஒட்டி நின்று வெட்டுங்கள். எதிரியின் வாள் படும் கணத்தில் காவல் பட்டனை அழுத்தினால் டிஃப்ளெக்ட், அதாவது வெட்டைத் தட்டிவிடுவது. பதற்றத்தில் படபடவென்று தட்டினால் அந்தக் கணம் இன்னும் குறுகிவிடும். முதலில் எதிரியின் உயிர்ப் பட்டையைக் குறைத்துவிடுங்கள், ஏனென்றால் உயிர் குறையக் குறைய அவன் போஸ்ச்சர் மீள்வது மந்தமாகும். உங்கள் போஸ்ச்சர் சீக்கிரம் மீள, காவலை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

ஆபத்தான தாக்குதலுக்கு எச்சரிக்கையாகச் சிவப்பு எழுத்து மின்னினால் எதிரியின் ஆயுதத்தைப் பாருங்கள். குத்து என்றால் மிகிரி, அதாவது எதிரியை நோக்கியே டாட்ஜ் (சட்டென்று பாய்ந்து நகர்தல்). கீழ்வீச்சு என்றால் குதித்து மிதி. பிடிக்க வந்தால் விலகல். மிகிரித் திறனை ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள். பாழடைந்த கோவிலருகே இருக்கும் ஹான்பெய் என்ற பாத்திரத்திடம் சண்டை பழகலாம். குதிரைமேல் வரும் கியோபு என்ற பெரிய எதிரிக்கு வெடிச்சரம் கைகொடுக்கும், குதிரை மிரண்டு நிற்கும்.

லெவல் ஏற்றித் தப்பிக்கலாம் என்ற கணக்கும் பலிக்காது. நான்கு ஜெபமணிகள் சேர்ந்தால்தான் உயிரும் போஸ்ச்சரும் கூடும். தாக்கும் வலுவுக்குப் பெரும்பாலும் பெரிய பாஸ்களை, அதாவது முக்கிய எதிரிகளை, வீழ்த்த வேண்டும். செத்தால் பெரும்பாலும் பாதிப் பணமும் பாதி அனுபவப்புள்ளியும் போகும், சோல்ஸைப் போலத் திரும்பிப்போய் எடுக்க முடியாது.

ரசிகர்களின் ஒரு குறை நியாயமானது. சோல்ஸில் மந்திரவாதியாக ஒருமுறை, கோடரியோடு ஒருமுறை என்று ஆடலாம். இங்கே இரண்டாம் சுற்றிலும் அதே வாள்தான். ஆனால் எல்லோர் கையிலும் ஒரே வாள் என்பதால்தான் கெனிச்சிரோ என்ற பாஸின் ஒவ்வொரு வீச்சையும் அந்த வாளின் தாளத்துக்கே இழைத்திருக்கிறார்கள். அந்தச் சண்டை கைகூடும்போது காதில் விழும் வாளோசைக்காகவே இதை வாங்கலாம்.