சூயிங்கம்மில் தொடங்கி கங்காருவில் முடிந்த கதை

1972-இல் அமெரிக்காவில் வந்த 32 பக்கப் படக்கதை அது. எழுத்து ஜூடித் வயோர்ஸ்ட், கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள் ரே க்ரூஸ். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வாசித்தால் ஐந்தாறு நிமிடம்கூட ஓடாது. டிஸ்னி அதை 2014-இல் 81 நிமிடப் படமாக்கியது. பெயர் மட்டும் அப்படியே நீளம்: 'அலெக்ஸாண்டர் அண்ட் தி டெரிபிள், ஹாரிபிள், நோ குட், வெரி பேட் டே'. இயக்கம் மிகெல் ஆர்டேட்டா.

புத்தகத்தில் கதை என்று தனியாக எதுவும் கிடையாது. அலெக்ஸாண்டர் என்ற பையனின் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டியிருக்கிறது. ஸ்கேட்போர்டு காலை வாருகிறது. ஸ்வெட்டர் சிங்கில் விழுந்து நனைகிறது. காலை உணவான சீரியல் டப்பாவைத் திறந்தால் அண்ணன்கள் இருவருக்கும் பரிசுப் பொம்மை, இவனுக்கு வெறும் சீரியல். ஒன்றால் இன்னொன்று நடப்பதில்லை, யார் மேலும் பழி போட முடியாது. அந்தக் காரணமில்லாத எரிச்சல்தான் புத்தகத்தின் சிரிப்பு. திரையில் அதுவே இருபது நிமிடம் தாங்காது. 'அதனால்' என்ற சொல் இல்லாமல் திரைக்கதை நகராது.

திரைக்கதை எழுதிய ராப் லீபர் கண்டுபிடித்த வழி, ஒரு வேண்டுதல். பையனின் மோசமான நாளைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார். மறுநாள் அவனுக்குப் 12-ஆவது பிறந்தநாள். நள்ளிரவில் மெழுகுவத்தியை ஊதி, 'என் பாடு வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும்' என்று நினைக்கிறான். விடிந்ததும் வீடே கவிழ்கிறது. அப்பாவுக்கு வேலை நேர்காணல், அம்மாவுக்குப் புத்தக வெளியீடு, அக்காவுக்கு நாடகம், அண்ணனுக்கு ஓட்டுநர் தேர்வு, அப்புறம் நடனவிழா. எதையும் நாளைக்குத் தள்ளிப்போட முடியாது. ஒருவர் தாமதித்தால் அடுத்தவருக்கு அடி. குடும்ப நகைச்சுவைக்கு வேண்டிய கடிகாரம் இதுதான், இந்த இடத்தில் படம் கெட்டி.

இருப்பதில் சிறந்த காட்சி அம்மாவுடையது. குழந்தைகளைக் கழிப்பறைக்குப் பழக்கும் புத்தகம். 'ஜம்ப்' (குதி) என்று வரவேண்டிய சொல்லில் முதல் எழுத்து மாறி 'டம்ப்' (மலம் கழிப்பதைக் குறிக்கும் கொச்சைச் சொல்) என்று அச்சாகிவிட்டது. மேடையில் வாசிப்பவர் பழம்பெரும் ஹாலிவுட் நடிகர் டிக் வான் டைக், அதுவும் அவராகவே. அவர் கண்ணடிக்காமல், குரலில் அத்தனை பாவத்தோடு அச்சில் உள்ளபடியே வாசிக்கிறார். பிழையைப் பார்த்து அவரே சிரித்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். அப்பாவாக வரும் ஸ்டீவ் கேரலும் இந்த ரகசியம் தெரிந்தவர். கடற்கொள்ளையன் சட்டையில் கைப்பகுதி தீப்பிடிக்கும்போதும் நேர்காணலுக்கு வந்தவரின் மரியாதை குறையவில்லை.

இதற்குக் கொடுத்த விலையும் பெரிது. இரண்டாம் நாள் தொடங்கியதும் அலெக்ஸாண்டர் வேடிக்கை பார்ப்பவனாகிவிடுகிறான். தலைப்பில் இருக்கும் பையன் தன் படத்திலேயே பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறான். அதைவிட உறுத்துவது ஆஸ்திரேலியா. புத்தகத்தில் அடி விழும்போதெல்லாம் 'ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவேன்' என்பான். சில நாள் இப்படித்தான், ஆஸ்திரேலியாவிலும்கூட என்று கடைசியில் அம்மா சொல்கிறாள். போகவே முடியாத ஊர் என்பதால்தான் அந்த வரி நிற்கிறது. படமோ கங்காருவையும் முதலையையும் கொல்லைப்புறத்துக்கே வரவழைத்துப் பிறந்தநாள் விருந்து வைக்கிறது. (அமெரிக்கப் பையனாக நடித்த எட் ஆக்ஸன்பூல்ட் நிஜத்தில் ஆஸ்திரேலியர் என்பது தனி வேடிக்கை.) பூனைகூட அண்ணனோடுதான் தூங்கப் போகிறது என்ற அளவில் நின்ற புத்தகத்துக்கு இத்தனை வாணவேடிக்கை ஒட்டவில்லை.

2.8 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்கப் பத்துக் கோடி டாலர் அளவில் வசூலித்த படம் என்பதால் ஸ்டுடியோ கணக்கில் குறையேதும் இல்லை.

வீட்டில் போடுவதானால் முதலில் புத்தகத்தை வாசித்துக் காட்டிவிடுங்கள். படத்தின் முதல் கால் மணி நேரத்தில் சூயிங்கம் வரும்போது குழந்தையே கண்டுபிடித்துக் கத்தும். ஏழெட்டு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். சளி பிடித்த அக்கா இருமல் மருந்தை அளவுக்கு மேல் குடித்துவிட்டு பீட்டர் பான் வேடத்தில் மேடையேறும் இடம் வரும். அதைச் சிரிப்பாகவே காட்டுகிறார்கள். சின்னக் குழந்தை பக்கத்தில் இருந்தால் அங்கே நிறுத்தி, மருந்து பாட்டிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடவிடுங்கள்.