மாற்றியமைத்த எஸ்டீம் எஞ்சினுக்கு வாட்டர் பம்ப்: நான்கரை ஆண்டு பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். அதன் ஜி13பிபி எஞ்சின் 74 மி.மீ. போரும் (சிலிண்டர் விட்டம்) 75.5 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 1,298 சி.சி., பதினாறு வால்வு எஞ்சின். ஆலையிலிருந்து வரும்போது 85 குதிரைத்திறன் தருவது. 2017-ல் அதை முழுமையாகப் பிரித்து, சிலிண்டர் ஹெட்டைச் சற்று ராவிக் கம்ப்ரஷனைக் கூட்டி, கேம் ஷாஃப்டை மாற்றி, 4-2-1 ஹெடர் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பொருத்தி, 7,200 ஆர்.பி.எம். (நிமிடச் சுற்று) வரை சுற்றும்படி அமைத்துக்கொண்டேன். வாரநாட்களில் கோவைக்குள் ஓடும் இதே கார்தான், பயிற்சி நாட்களில் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கும், அவ்வப்போது வால்பாறை மலைப்பாதைக்கும் செல்கிறது. மாற்றியமைத்த பிறகு இந்த எஞ்சினில் மூன்று வாட்டர் பம்புகளை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்டைச் சுற்றவைக்கும் பம்புகளை, பொருத்தியிருக்கிறேன். முதலாவது பதினொரு மாதம், இரண்டாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு, மூன்றாவது நான்கரை ஆண்டும் 41,000 கிலோமீட்டரும் கடந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே வரிசை எஞ்சினை வைத்துக்கொண்டு எந்தப் பம்பை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழு விவரத்தையும் எழுதுகிறேன்.

முதல் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதே அதிகம். எஞ்சின் வேலைக்கு ஆன செலவில் கை கடித்துவிட்டதால், ஒரிஜினலின் பாதிக்கும் குறைவான விலையில் கிடைத்த, பெட்டியில் பெயர் மட்டும் அச்சிட்ட ஒரு பம்பை வாங்கிப் பொருத்தினேன். நகருக்குள் ஓட்டியவரை எந்தக் குறையும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், ஆழியாறு அணையைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது, பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவை ஒட்டி வெப்பமானி முள் ஏறத் தொடங்கியது. மொத்தம் நாற்பது வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் இரண்டாம் கியரில் அதிக ஆர்.பி.எம்.மும் குறைந்த வேகமும்தான் இருக்கும். எஞ்சின் முழு வெப்பத்தையும் தரும், ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். உள்ளே வந்த காற்றில் சூடே இல்லை. சிலிண்டர் ஹெட்டில் அத்தனை வெப்பம் இருக்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது என்றால் ஒன்று கூலன்ட் இல்லை, அல்லது கூலன்ட் சுற்றவில்லை. காரை ஓரங்கட்டி, ஆறவிட்டுப் பார்த்தபோது கூலன்ட் நிறைய இருந்தது.

பம்பைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. கூலன்டைத் தள்ளும் தகட்டுச் சக்கரமான இம்பெல்லர், ஷாஃப்டின் மீது வெறும் அழுத்தப் பிடிப்பில் நிற்பது. அந்தப் பிடிப்பு தளர்ந்து, இம்பெல்லர் ஷாஃப்டின் நுனியை நோக்கி நகர்ந்து, பிளாக்கின் உட்சுவரை உரசியிருந்தது. தகடுகளின் முனைகள் பளபளவென்று தேய்ந்திருந்தன; அலுமினியச் சுவரில் வட்டமாக ஒரு கீறல். சூடானதும் பிடிப்பு விட்டு ஷாஃப்ட் மட்டும் சுற்றியிருக்கிறது, ஆறியதும் மீண்டும் பிடித்திருக்கிறது. அதனால்தான் நகருக்குள் தெரியவில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் தப்பியது என் நல்ல நேரம்.

என் பெரியப்பா கோவையின் கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் பவுண்டரியில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். கோவையில் பம்பைப் பற்றிக் கேட்க வெளியே போக வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்திலும் அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் இருப்பார். கழற்றிய பம்பைக் கையில் வாங்கி, புல்லியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏங் கண்ணு, இம்பெல்லருக்கும் செவுத்துக்கும் எத்தன இடைவெளின்னு அளந்தயா? அத அளக்காம பம்ப்ப மாட்டுனா தண்ணி அங்கயேதான் சுத்தும்."

அளக்கும் முறையையும் அவரே காட்டினார். குழந்தைகள் விளையாடும் பிசைமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி இம்பெல்லர் தகடுகளின் விளிம்பில் நான்கு இடங்களில் ஒட்டி, மண் பிளாக்கில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு துளி எண்ணெய் தடவி, கேஸ்கெட்டோடு பம்பைப் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கிப் பிறகு கழற்ற வேண்டும். நசுங்கிய மண்ணின் கனமே இடைவெளி. அதே மலிவுப் பெட்டியிலிருந்து வாங்கிய இன்னொரு புதிய பம்பில் 2.3 மி.மீ. வந்தது. மாருதியின் ஜெனுயின் பம்பில் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வந்தது. இம்பெல்லர் வெளியே தள்ளும் கூலன்டில் ஒரு பகுதி இந்த இடைவெளி வழியாகத்தான் மீண்டும் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. ஐடிலிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றும்போது இந்த இழப்பின் பாதிப்பு மிக அதிகம். கடையில் பெட்டியைப் பார்த்து இது தெரியாது. இரண்டு பம்புகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன.

ஆகவே 2018-ல் ஜெனுயின் பம்பைப் பொருத்தினேன். அப்போது இன்னொன்றும் செய்தேன்: சிலிண்டர் ஹெட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் ஒரு வெப்ப சென்சார், ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குழாயில் இன்னொன்று என இரண்டு மீட்டர்களை வைத்தேன். ஒரே மீட்டர் எஞ்சின் சூடாகிறதா என்று மட்டுமே சொல்லும்; இரண்டு மீட்டர்களின் வித்தியாசம் கூலன்ட் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைக் காட்டிவிடும். பம்பைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மிகவும் உதவிய செலவு இதுவே என்பேன்.

வித்தியாசம் சாலையில் 6 முதல் 8 டிகிரி வரை இருந்தது. கரி டிராக்கின் 2.1 கிலோமீட்டர் சுற்றில் தொடர்ந்து ஓட்டும்போது மட்டும் ஒன்றைக் கவனித்தேன். 6,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் நீண்ட நேரம் நின்றால் வித்தியாசம் 8-லிருந்து 13 வரை தாவியது. பம்ப் வேகமாகச் சுற்றினால் ஓட்டம் கூட வேண்டும், வித்தியாசம் குறைய வேண்டும்; இங்கே தலைகீழாக நடந்தது. 2020-ல், கேம் ஷாஃப்டை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது பம்பைக் கழற்றிப் பார்த்ததில் தகடுகளின் உள்முனைகளில் குண்டூசியால் குத்தியதுபோல் நுண்ணிய குழிகள் இருந்தன. கேவிடேஷன் என்று பெரியப்பா பார்த்த மாத்திரத்தில் சொன்னார். இம்பெல்லர் மிக வேகமாகச் சுற்றும்போது உறிஞ்சும் வாயில் அழுத்தம் விழுந்து, அங்கே கூலன்ட் கொதித்துக் குமிழிகளாகி, அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் அவை வெடித்து உலோகத்தை அரிக்கின்றன. குமிழி நிறைந்த பம்பால் தள்ள முடிவது குறைந்துவிடுகிறது. இது பம்பின் குறையன்று. அந்தப் பம்ப் வடிவமைக்கப்பட்ட வேகத்துக்கு மேல் நான் அதை நீண்ட நேரம் ஓட்டியதன் விளைவு.

இந்தக் கட்டத்தில் என் முன் இரண்டு வழிகள் இருந்தன: மின்சார வாட்டர் பம்புக்கு மாறுவது, அல்லது இயல்பான பம்பையே மெதுவாகச் சுற்றவைப்பது.

மின்சாரப் பம்பைப் பற்றி எனக்கு உயர்ந்த மதிப்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் கிரெய்க் நிறுவனத்தின் பம்புகளின் பெயரிலேயே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற எண் இருக்கும்: 80, 115, 150. என் எஞ்சினுக்கு எது போதும் என்று கணக்கிட்டேன். முழு ஆற்றலில் என் எஞ்சின் கூலன்டுக்குத் தரும் வெப்பத்தை ஏறத்தாழ 70 கிலோவாட் என்று எடுத்துக்கொண்டு, 30 விழுக்காடு கிளைக்கால் (கூலன்டின் மூலப்பொருள்) கலந்த கூலன்டின் ஒரு லிட்டர் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3.85 கிலோஜூல் சுமக்கும் என்று வைத்தால், 10 டிகிரி வித்தியாசத்துக்கு நொடிக்கு 1.8 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 110 லிட்டர் அளவு தேவைப்படுகிறது. 80 லிட்டர் பம்ப் நகருக்குப் போதும், டிராக்குக்குப் போதாது. 115 லிட்டர் பம்ப் பொருந்தும். ஆனால் பெயரிலுள்ள எண் குழாய்த் தடை ஏதுமில்லாமல் அளந்த உச்ச அளவுக்கு நெருக்கமானது என்பதையும், ரேடியேட்டரும் பிளாக்கும் சேர்ந்த தடையில் அது குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் பம்ப் ஓடி, ஹெட்டில் தேங்கும் சூட்டை வெளியேற்றுவது அதன் மிகப் பெரிய நன்மை, எந்த ஆர்.பி.எம்.மிலும் தேவைக்கேற்ற ஓட்டம் தருவது அடுத்தது. இருந்தும் நான் அதை எடுக்கவில்லை. குடும்பத்தோடு இரவில் மலையேறும் காரில், ஒரு ரிலேயோ ஃபியூஸோ போனால் சுழற்சியே நின்றுவிடும் என்ற நிலை எனக்கு ஏற்புடையதாக இல்லை. டிராக்குக்கு மட்டுமே செல்லும் காராக இருந்திருந்தால் தயங்காமல் வாங்கியிருப்பேன்.

ஆகவே புதிய ஜெனுயின் பம்பை வாங்கி, பம்பின் புல்லியை மட்டும் பெரிதாக்கினேன். லேத்தில் அலுமினியத்தில், இயல்பானதைவிட 12 விழுக்காடு பெரிய விட்டத்தில் ஒரு புல்லியைக் கடையச் சொன்னேன். இதனால் பம்பின் வேகம் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைகிறது. மையவிலக்குப் பம்பில் ஓட்டம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், அழுத்தம் வேகத்தின் இருமடியிலும், விழுங்கும் ஆற்றல் மும்மடியிலும் மாறும் என்பதால், பம்ப் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் கால்பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. இந்த எஞ்சினில் பம்பை ஓட்டுவது டைமிங் பெல்ட் அன்று, ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வெளி பெல்ட். ஆகவே ஆல்டர்னேட்டரின் வேகம் மாறாது, சற்று நீளமான பெல்ட் ஒன்று போதும். புல்லி துல்லியமாக மையம் கொண்டிருக்க வேண்டும். முதலில் கடைந்து வந்த புல்லி டயல் கேஜில் 0.3 மி.மீ. ஆடியது, அப்படியே போட்டிருந்தால் பேரிங் ஓராண்டு தாங்கியிருக்காது. திருப்பிக் கொடுத்து மறுபடி கடையவைத்தேன்.

நான்கரை ஆண்டில் கண்டது இதுதான். டிராக்கில் 7,000 ஆர்.பி.எம்.மிலும் வித்தியாசம் 9 டிகிரியைத் தாண்டவில்லை. அந்தத் தாவல் முற்றிலும் மறைந்துவிட்டது. அதற்கு நான் கொடுத்த விலை நெரிசலில் தெரிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அவினாசி சாலையில் ஏ.சி.யோடு நின்றுநின்று போகும்போது ஹெட் வெப்பம் முன்பு 91-ல் நின்றது, இப்போது 94 வரை போகிறது. ரேடியேட்டர் ஃபேன் கூடுதல் நேரம் ஓடுகிறது. முழுக்க நகருக்குள் ஓடும் காருக்கு இந்தப் புல்லியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 6,000-த்துக்கு மேல் எப்போதாவது மட்டும் போகும் எஞ்சினுக்கு இயல்பான பம்பும் இயல்பான புல்லியுமே சரியானவை. அதில் ஹெடரும் ஏர் ஃபில்டரும் மாற்றியிருந்தாலும் இதே பதில்தான். பம்ப் அறிவது எஞ்சினின் வேகத்தைத்தானே தவிர நாம் செய்த மாற்றங்களின் பட்டியலை அன்று.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெளி பெல்ட்டில் ஓடினாலும் இந்தப் பம்பைக் கழற்ற டைமிங் கவரையும் டைமிங் பெல்ட்டையும் கழற்றியே ஆக வேண்டும். எனவே பம்ப், டைமிங் பெல்ட், அதை இறுக்கிவைக்கும் டென்ஷனர் மூன்றையும் ஒரே வேலையாக மாற்றுவது நல்லது. பம்புக்கும் ஆயில் பம்புக்கும் இடையில் ஒன்று, பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஒன்று என இரண்டு சிறிய ரப்பர் சீல்கள் வரும். பல பட்டறைகளில் இவற்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் டைமிங் பெல்ட் பக்கம் மண்ணும் நீரும் புகும். பழைய கேஸ்கெட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் பள்ளம் விழுந்துவிடும். பிளாஸ்டிக் தகடும் பொறுமையுமே போதும்.

ரேடியேட்டர் மூடியைப் பம்போடு சேர்த்து மாற்றுங்கள். சதுர செ.மீ.க்கு 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் நீரே ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்தால் கேவிடேஷனும் முன்பே தொடங்கிவிடும். வெப்பத்துக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்துமூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அது தரும் தடையால் ஹெட்டுக்குள் அழுத்தம் நிற்பதும் நமக்கு நன்மைதான். ஊருக்கே பெருமை தரும் சிறுவாணித் தண்ணீரைக்கூட நான் ரேடியேட்டரில் ஊற்றுவதில்லை. டிஸ்டில்டு வாட்டரில் 30 விழுக்காடு கூலன்ட் கலந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுகிறேன். நம்மூரில் உறைபனி இல்லை என்பதால் இந்த அளவு போதும். ஷாஃப்டை ஒட்டிக் கூலன்ட் கசியாமல் தடுக்கும் பம்பின் சீலைக் காப்பது அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துதான். போர்வெல் நீரின் உப்பு சீலின் முகத்தில் படிந்து, மணல்போல் அதை அரைத்துவிடும்.

ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்பு பெல்ட்டைத் தளர்த்தி, பம்ப் புல்லியை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சென்ற மாதம் பார்த்தபோது புல்லியில் ஆட்டம் இல்லை, துளை உலர்ந்திருந்தது. ஆனால் அதன் விளிம்பில் நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்கு மெல்லிய பச்சைப் படிவு தெரிந்தது. அது சீல் தேயத் தொடங்கியதன் முதல் அடையாளம். டைமிங் பெல்ட் மாற்ற இன்னும் 4,000 கிலோமீட்டர் இருக்கிறது என்றாலும், அடுத்த பம்பை வாங்கி, இடைவெளியை அளந்து, தயாராக வைத்துவிட்டேன். 0.9 மி.மீ. வந்தது.